ஞாயித்துக்கிழமை டியூஷனும் நம்ம பிள்ளைகளோட விசுவாசமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒரு அண்ணன் எழுதியிருந்தாங்க. பத்தாங்கிளாஸ், பன்னிரண்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு ஞாயித்துக்கிழமை காலையில டியூஷன் இருக்கு, அதனால சர்ச்ல நடக்குற சண்டே ஸ்கூல சாயங்காலத்துக்கு மாத்திரணும், காலத்துக்கு ஏத்த மாதிரி சபையும் மாறணும்னு. அவங்க சொன்னதுல நியாயமே இல்லன்னு சொல்ல வரல. ஆனா அதப் படிச்சதுல இருந்து மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமாயிரும், வெட்டாம போட்டா சந்தோஷம், வெட்டினாலும் கோவிச்சுக்க மாட்டேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. பெரியவ ஒம்பதாங்கிளாஸ், சின்னவன் அஞ்சாங்கிளாஸ். எங்க சபையில சின்னப்பிள்ளைங்களுக்கு சண்டே ஸ்கூல் எடுக்கிறேன், அதனால இந்த டியூஷன் கதை எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும். எங்க ஊர தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டுன்னு சொல்லுவாங்க, அந்தப் பெருமைக்கு இப்ப வட்டி கட்டிக்கிட்டு இருக்கோம், தெருவுக்கு நாலு டியூஷன் சென்டர். சாயங்காலத்துக்கு மாத்தினா என்ன ஆகும்னு அந்த அண்ணனுக்குத் தெரியாதா என்ன? சாயங்காலமும் டெஸ்ட் சீரிஸ்னு ஒண்ணு வந்துரும், அப்புறம் சண்டே ஸ்கூல ராத்திரிக்கு மாத்தச் சொல்லுவோம், அப்புறம் ஆன்லைன்ல வச்சிரலாம்னு சொல்லுவோம், ஆன்லைன்ல வச்சா கேமராவ ஆஃப் பண்ணிட்டு பிள்ளைங்க தூங்கும். நேரத்த எங்க கொண்டு வச்சாலும் இடம் இல்லாமத்தான் போகும், ஏன்னா நம்ம மனசுல அதுக்கு இடம் கடைசி.

சண்டே ஸ்கூல் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா சிரிப்பீங்க. இங்கிலாந்துல குளோஸ்டர்ங்கிற ஊர்ல ராபர்ட் ரெய்க்ஸ்னு ஒருத்தர், உங்க தொழில்காரர்தான் சார், பத்திரிகை நடத்தினவர், 1780-ல ஆரம்பிச்சார். அந்த ஊர் ஏழைப்பிள்ளைங்க வாரத்துல ஆறு நாளும் வேலைக்குப் போகும், ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவு, அந்த ஒரு நாள்ல எழுத்தும் படிப்பும் வேதமும் சொல்லிக் குடுக்கலாம்னு ஆரம்பிச்சதுதான் அது. ஆறு நாள் வேலை செஞ்ச பிள்ளைங்களுக்கே ஒரு நாள் கிடைச்சுது. நம்ம பிள்ளைங்க ஆறு நாள் ஸ்கூலுக்கும் சாயங்கால டியூஷனுக்கும் போயிட்டு ஏழாவது நாளும் பேக்க மாட்டிக்கிட்டு நிக்குது. 240 வருஷத்துல நாம முன்னேறுனது இவ்வளவுதான்.

ஆனா எனக்கு டியூஷன் சென்டர்காரங்க மேல பெரிய கோவம் கிடையாது. அவங்க கடை விரிச்சிருக்காங்க, போறது நாமதான. எனக்குக் கேள்வி என்னன்னா, பிள்ளைய விசுவாசத்துல வளக்கிற பொறுப்ப சண்டே ஸ்கூல் கையில குடுத்துட்டோம்னு நாம யார் சொல்லி நெனச்சோம்? வாரத்துக்கு ஒரு மணி நேரம் நான் பாக்கிற பிள்ளைக்கு நான் என்னத்த குடுத்துற முடியும்? ஒரு கதை, ஒரு பாட்டு, ஒரு மனப்பாட வசனம், அட்டெண்டன்ஸ் ஸ்டாம்ப். மிச்ச நேரமெல்லாம் அது உங்க வீட்லதான இருக்கு.

வேதத்துல உபாகமம் 6-ல மோசே சொல்றத எல்லாரும் கேட்டிருப்போம், பிள்ளை ஞானஸ்நானத்துக்கே வாசிக்கிற சபைகள் உண்டு. "அவைகளை உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து"ன்னு சொல்லிட்டு எங்க எப்பன்னு நாலு சொல்றார், வீட்ல உட்கார்ந்திருக்கும்போது, வழியில நடக்கும்போது, படுக்கும்போது, எந்திரிக்கும்போது. நல்லா பாருங்க, அந்த நாலுல ஆலயம் இல்ல, பாடசாலை இல்ல, ஊழியக்காரர் இல்ல. எல்லாமே அப்பா அம்மா பக்கத்துல இருக்கிற நேரம். இன்னைக்கு வீட்ல உட்கார்ந்திருக்கும்போது ஆளுக்கு ஒரு போன், வழியில போகும்போது ஸ்கூல் வேன்ல சினிமா பாட்டு, படுக்கும்போது மறுநாள் டெஸ்ட் பயம், எந்திரிக்கும்போது "ஏட்டி எந்திரி வேன் வந்துரும்"னு கத்தல். இதுல எங்க போதிக்க? அந்த நாலுல ஒண்ணையாவது மீட்டு எடுக்கணும்னு நான் சொல்றேன், நாலையும் ஒரே நாள்ல எடுக்க யாராலயும் முடியாது.

எங்க பக்கத்து கிராமங்கள்ல இன்னைக்கும் சாயங்காலம் கோயில் மணி அடிக்கும் (சர்ச்சத்தான் எங்க பக்கம் கோயில்னு சொல்லுவோம்), உபதேசியார், அதாவது கிராமத்து சபையப் பாத்துக்கிறவரு, ஜெபம் நடத்துவாரு, அதுக்கு அப்புறம் வீட்டுக்கு வீடு குடும்ப ஜெபம். பாய விரிச்சு எல்லாரும் உக்காந்து ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம் ஆளுக்கு ஒரு வசனமா வாசிக்கிறது, எழுத்துக் கூட்டி வாசிக்கிற சின்னதுக்கு சின்ன வசனமா பாத்து விடுவாங்க, அப்புறம் தாத்தா ஜெபம், கடைசியில பரமண்டல ஜெபம். தாத்தா ஜெபம் உலக நாடுகளையெல்லாம் சுத்தி ஆட்சியில இருக்கிறவங்க, ஆஸ்பத்திரியில இருக்கிறவங்க, மழை, பனைமரம், வெளிநாட்ல வேலை பாக்கிற சின்னய்யா வரைக்கும் வந்து முடியறதுக்குள்ள பேரப்பிள்ளைங்க பாதி தூங்கியிருக்கும். தூங்கினா என்ன, தன் பேரையும் தாத்தா சொல்லுவாருன்னு அதுக்குத் தெரியும், அதுக்காகவே கண்ண முழிச்சுக்கிட்டு கிடக்கிற பிள்ளைங்க உண்டு. அங்க தமிழ் வாசிக்கவே அப்படித்தான் நெறைய பேரு படிச்சாங்க. 1820-ல மிஷனரி ரேனியஸ் ஐயர் (எங்க பக்கம் பாதிரியார ஐயர்னுதான் சொல்லுவோம்) பாளையங்கோட்டைக்கு வந்ததுக்கு அப்புறம் சபை உண்டான இடத்துலயெல்லாம் பள்ளிக்கூடமும் கூடவே வந்துச்சு, கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கூரைக்குக் கீழ இருந்த ஊரு எத்தனையோ. படிப்புக்கும் விசுவாசத்துக்கும் நடுவுல அன்னைக்கு சண்டையே இல்ல சார். இப்பதான் ரெண்டுக்கும் ஒரே டைம்ல கிளாஸ் போட்டு அடிச்சுக்க வச்சிருக்கோம்.

அதுக்கும் முன்னாடி பாருங்க, கோட்டைக்குள்ள பாப்பாத்தி அம்மா கோயில்னு எங்க ஊர்ல சொல்ற சின்ன கோயில், கிளாரிந்தா அம்மையார் முயற்சியில 1785-ல எழும்பினது. அந்த அம்மா விதவை, ஊரு ஒதுக்கி வச்ச மனுஷி, 1778-ல மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கையில ஞானஸ்நானம் வாங்கினவங்க. அப்ப இங்க பிஷப்புக்குக் கீழ டயோசிஸ்னு ஒண்ணு கிடையாது, சண்டே ஸ்கூல் கிடையாது, விபிஎஸ்ங்கிற லீவு வேத வகுப்பு கிடையாது, கலர் கலரா பாடப்புத்தகம் கிடையாது. அப்புறமும் விசுவாசம் நம்ம வரைக்கும் வந்து சேந்திருக்கு. வீடு வழியாத்தான் வந்திருக்கு.

எங்க வீட்ல என்ன செய்யறோம்னு கேப்பீங்க. பெருசா ஒண்ணும் இல்ல. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம், சாப்பிட்டுட்டு வச்சா சின்னவன் தூங்கிருவான். போன் எல்லாம் ஃப்ரிட்ஜ் மேல போயிரும், என் வீட்டுக்காரங்க போனும் சேத்துத்தான், பிள்ளைங்க போன மட்டும் வாங்கி வச்சுட்டு நாம பக்கத்துல வச்சுக்கிட்டா அது ஜெபம் இல்ல, போலீஸ் ஸ்டேஷன். பாட்டு சின்னவன் எடுப்பான், வேகமா இருக்கிற பாட்டா பாத்து எடுப்பான், பாட்டி கீர்த்தனை கேப்பாங்க, ரெண்டு பேருக்கும் அதுல தினமும் வழக்கு. பிள்ளைங்களோட அப்பா வேதம் வாசிப்பாங்க. மொத்தம் கால் மணி நேரம், அதுக்கு மேல இழுக்கிறது இல்ல. லேட் டூட்டின்னா போன் ஸ்பீக்கர்ல அப்பா ஜெபம் பண்ணுவாங்க, பஸ் ஹார்ன் சத்தத்தோட. நடக்காத நாளும் உண்டு. விருந்தாளி வந்திருந்தா அவங்களையும் உக்கார வச்சுருவோம், அவங்களுக்கு இஷ்டம்னா பாடுவாங்க, இல்லன்னா சும்மா இருப்பாங்க, யாரும் இதுவரை சண்டைக்கு வரல.

அப்பா வாசிக்கிறாங்கன்னு ஏன் சொன்னேன்னா, இது எங்க ஊர்ல எல்லா சபையிலயும் பாக்கிற விஷயம், ஆராதனை நடக்கும்போது பாதி அப்பாமாருங்க வெளிய வேப்பமரத்து நிழல்ல பைக்ல சாஞ்சுக்கிட்டு நிப்பாங்க, பிரசங்கம் முடியும்போது உள்ள வந்து கடைசி பெஞ்சுல உக்காருவாங்க. பக்தி அம்மா டிபார்ட்மென்ட், ஃபீஸ் அப்பா டிபார்ட்மென்ட்னு பிரிச்சு வச்சாச்சு. பன்னிரண்டு வயசு வரைக்கும் பையன் அம்மா கூட உள்ள உக்காருவான், பதிமூணுல அப்பா கூட வெளிய வந்து நிப்பான், வளந்த ஆம்பளை எங்க நிப்பான்னு அவனுக்கு அப்பா காமிச்சுட்டாரே. வேதத்துல பவுல் அப்போஸ்தலரோட சீஷர் தீமோத்தேயு, பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள் கிட்ட இருந்துதான் விசுவாசத்த வாங்கிக்கிட்டாரு, பவுல் அவங்க பேர சொல்லியே எழுதுறாரு, அதனால அம்மா மட்டும் இருந்தாலும் நடக்கும்தான். ஆனா அத சாக்கா சொல்லிக்கிட்டு வெளிய நிக்கிற அப்பாமாருங்க ஒண்ண கவனிக்கணும், எபேசியர் 6:4-ல பிள்ளைகள வளக்கிறதப் பத்தி பவுல் பேசும்போது "பிதாக்களே"ன்னு கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்கிறாரு.

அந்த வசனத்தோட முதல் பாதியும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பிள்ளைகளக் கோபப்படுத்தாமன்னு இருக்கு. நீதிமொழிகள் 13:24-ல பிரம்பப் பத்தி சொன்னது மட்டும் எல்லாருக்கும் அத்துப்படி, அடிக்கிறதுக்கு முன்னாடி வசனமும் சொல்லி அடிக்கிறவங்கள பாத்திருக்கேன். வசனம் சொல்லாட்டி சோறு இல்லங்கிறது, தப்பு பண்ணினா தண்டனையா ஒரு சங்கீதம் எழுதச் சொல்றது, பக்கத்து வீட்டுப் பிள்ளை 119-ம் சங்கீதம் முழுசும் சொல்லுது நீ என்னத்துக்கு இருக்கன்னு சபை நடுவுல வச்சு கேக்கிறது. வேதத்த தண்டனை நோட்டா மாத்திட்டு, பெரியவனான பிறகு ஏன் வேதத்த தொட மாட்டேங்கிறான்னு அழுதா எப்படி? என் கிளாஸ்ல ஒரு குட்டிப்பையன் வசனப்போட்டியில முதல் பரிசு வாங்கிட்டு, இனிமே இத மறந்துரலாமா டீச்சர்னு கேட்டான். அவன் மேல தப்பே இல்ல.

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வர்றேன், நம்ம ஆளுங்க சில பேருக்குப் பிடிக்காது. பிள்ளைங்க நாம சொல்றதக் கேக்கிறத விட நாம மத்தவங்க கிட்ட பேசறதத்தான் உத்துக் கேக்கும். சபைத் தேர்தல் சமயத்துல பல வீட்டு ஹால்ல என்ன பேச்சு நடக்குதுன்னு ஊருக்கே தெரியும். எந்த அணி, யாரு எவ்வளவு செலவு பண்றாங்க, யார வளைக்கலாம், யாரு மேல கேஸ் போடலாம். அந்தப் பேச்சுக்கு நடுவுல பிள்ளை காபி டம்ளர எடுத்துட்டுப் போகும், எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே போகும். ஒம்போது மணிக்கு அதே ஆளு "அன்புள்ள பிதாவே"ன்னு ஆரம்பிக்கும்போது அது மனசுல என்ன ஓடும்? வேதத்துல ஏலி ஆசாரியனோட பிள்ளைங்க ஓப்னிக்கும் பினெகாசுக்கும் வேதம் தெரியாமலா இருந்துச்சு, ஆசரிப்புக் கூடாரத்துலயேதான வளந்தாங்க, அங்கயேதான பலி மாம்சத்துல கைய வச்சாங்க. அங்கயே வளந்த சாமுவேல் தீர்க்கதரிசி அந்தக் கூத்த சின்ன வயசுலயே கண்ணால பாத்தவரு, அவரு பிள்ளைங்களும் பரிதானம், அதான் லஞ்சம், வாங்கி நியாயத்தப் புரட்டினாங்கன்னுதான் எழுதியிருக்கு. ஆலயத்துக்குப் பக்கத்துலயே பிள்ளை இருக்குன்னு நிம்மதியா இருந்துற முடியாது, கமிட்டி மெம்பர் பிள்ளைன்னாலும் சரி, ஐயர் பிள்ளைன்னாலும் சரி.

அடுத்தது சாதி. உங்க பேப்பர் ஞாயிறு வரன் தேடும் பக்கத்தையே எடுத்துப் பாருங்க சார், கிறிஸ்தவன்னு போட்டு அதுக்குப் பக்கத்துலயே சாதியும் உட்பிரிவும் போட்டுத்தான் பெண் தேவை, மாப்பிள்ளை தேவை, கூடவே "பக்தியுள்ள குடும்பம்"னு ஒரு வரி. கலாத்தியர் 3:28-ல யூதன்னும் இல்ல, கிரேக்கன்னும் இல்ல, எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒண்ணுன்னு சண்டே ஸ்கூல்ல நான் மனப்பாடம் பண்ண வைக்கிறேன், அதே பிள்ளை வீட்ல போய் அக்காவுக்கு வந்த வரன "அவங்க வேற ஆளுங்க, சரிப்படாது"ன்னு தள்ளுறதப் பாக்குது. எத்தனை பவுன், கார் உண்டா இல்லையான்னு பேரம் பேசறதயும் பாக்குது, முடிச்சுட்டு எல்லாரும் எழுந்து நின்னு ஜெபம் பண்றதயும் பாக்குது. 1833-லயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதிய அடியோட விடணும்னு கடிதம் எழுதினாரு, அதுக்கு நம்ம தமிழ் கிறிஸ்தவங்க கிட்ட இருந்தே பெரிய எதிர்ப்பு கெளம்புச்சு, இன்னும் ஏழெட்டு வருஷத்துல அந்தக் கடிதத்துக்கு 200 வயசு ஆகப்போகுது. பிள்ளைங்க விசுவாசத்த விட்டுட்டுப் போறதுக்கு செல்போன் காரணம், காலேஜ் காரணம், பெங்களூர் வேலை காரணம்னு பெரியவங்க அடுக்குவாங்க. என் கிட்ட பேசுற காலேஜ் பிள்ளைங்க சொல்ற முதல் காரணம் இதுதான், "அக்கா, வீட்ல எல்லாம் நடிப்பு."

நண்பர்கள் விஷயமும் உண்டு. எங்க பிள்ளைங்க கிளாஸ்ல எல்லா மதத்துப் பிள்ளைங்களும்தான் இருக்கு. கிறிஸ்துமஸுக்கு கேக்கும் முறுக்கும் எல்லா வீட்டுக்கும் போகும், தீபாவளிக்கு அதிரசம் வரும், ரம்ஜானுக்கு பிரியாணி வரும். மத்த சாமிக்குப் படைச்சத சாப்பிடலாமா கூடாதான்னு சபைக்குள்ளயே ஆளுக்கு ஒரு கருத்து, கொரிந்தியர்ல பவுல் அதுக்கு மூணு அதிகாரம் செலவு பண்ணியிருக்காரு, நான் அதுல தீர்ப்பு சொல்ல வரல, அவங்கவங்க மனசாட்சி. ஆனா பக்கத்து வீட்டு அக்கா ஆசையா குடுத்த பலகாரத்த அவங்க கண்ணு முன்னாடி குப்பையில போடச் சொல்லிக் குடுக்கிற வீட்ல வளர்ற பிள்ளைக்கு பக்தி வளருதா திமிர் வளருதான்னு யோசிக்கணும். என் மக ஒருநாள், என் ஃப்ரெண்டு இவ்வளவு நல்லவளா இருக்காளேம்மா, அவ ஜெபத்த அவ சாமி கேக்காதான்னு கேட்டா. நான் அவ வாய அடைக்கல. அவங்க அப்பாவும் நானும் எங்களுக்குத் தெரிஞ்சத சொன்னோம், நாங்க எத நம்புறோம், ஏன் நம்புறோம்னு சொன்னோம், மிச்சத்துக்கு நீயும் வேதத்த வாசி, நாங்களும் வாசிக்கிறோம்னு சொன்னோம். கேள்வி கேக்கிற பிள்ளை இன்னும் நம்ம கிட்டதான் இருக்கு. கேக்கிறத நிறுத்தின பிள்ளையப் பத்திதான் எனக்குக் கவலை.

பத்தாங்கிளாஸ் வருஷம் வந்துட்டா நடக்கிற கூத்து தனி. கேபிள் கட், சொந்தக்காரங்க கல்யாணம் கட், சபை கட், திடப்படுத்தல் வகுப்ப (பிள்ளைங்க விசுவாசத்த தாங்களே அறிக்கை பண்றதுக்கான வகுப்பு) அடுத்த வருஷம் பாத்துக்கலாம். மார்ச் மாசம் பரீட்சை சிறப்பு ஜெபம்னு சபையில அறிவிச்சா மட்டும் அது வரைக்கும் முகமே காட்டாத குடும்பமெல்லாம் முதல் பெஞ்சுல இருக்கும், பேனாவ நீட்டி ஜெபிச்சுத் தரச் சொல்லுவாங்க. ஜெபிக்கட்டும், பயத்துல இருக்கிற பிள்ளைக்காக ஜெபிக்கிறது நல்லதுதான். ஆனா அந்தப் பிள்ளை அந்த வருஷம் பூரா என்ன கத்துக்கிச்சுன்னா, வாழ்க்கையில எது முக்கியமோ அதுக்காக கடவுள ஒதுக்கி வைக்கலாம், மார்க் வேணும்னா கூப்பிட்டுக்கலாம். அப்புறம் காலேஜ், வேலை, வீட்டு லோன்னு முக்கியமானது வந்துகிட்டேதான் இருக்கும். யோசுவா "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்"னு சொன்னத பல வீட்டு வாசல்ல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கோம். அந்த ஃப்ரேமுக்குக் கீழ ஒட்டியிருக்கிற டைம்டேபிள்ல ஞாயிறு 8 டு 12 ஃபிசிக்ஸ்.

எங்க மகளுக்கும் நீட் ஃபவுண்டேஷன் கோர்ஸ் சேக்கச் சொல்லி ஒரு இடத்துல பேசினாங்க, ஞாயித்துக்கிழமை காலை பேட்ச். வேண்டாம், சனிக்கிழமை இருந்தா சொல்லுங்கன்னோம். "போட்டி எப்படி இருக்குன்னு தெரியாம பேசுறீங்க மேம்"னு அந்தப் பொண்ணு பாவமா பாத்துச்சு. தெரியும் தாயி. சனிக்கிழமை பேட்ச்ல இடம் இல்லன்னாங்க, சரின்னு வந்துட்டோம், வீட்ல இருந்தே படிக்கிறா. அதனால ரேங்க் குறையலாம், குறையாமலும் போகலாம், கடவுள முதல்ல வச்சா மார்க் தானா வரும்னு மேடையில சொல்ற மாதிரி நான் சொல்ல மாட்டேன், அது பிள்ளைக்கு நாம குடுக்கிற பொய் வாக்குறுதி. வரலன்னாலும் பரவால்லன்னு முடிவு பண்ணித்தான் இந்தப் பக்கம் நிக்கணும், அது அவளுக்கும் தெரியும், அவகிட்ட கேட்டுத்தான் முடிவு எடுத்தோம்.

நான் சட்டம் பேசுற ஆளுன்னு நெனச்சிராதீங்க. நீட் பரீட்சையே மே மாசம் ஞாயித்துக்கிழமைதான் வச்சுக்கிட்டு இருக்காங்க, அன்னைக்கு போய் எழுதத்தான் வேணும், ஓய்வுநாள் மனுஷனுக்காகன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. நண்பர் வீட்டு முகூர்த்தம் ஞாயிறு காலையில ஆறரைன்னா போய் வாழ்த்திட்டு இட்லி சாப்பிட்டுட்டு அதே பட்டுச்சேலையோட கோயிலுக்கு வந்துருவேன். நர்ஸா, போலீஸா, பஸ் கண்டக்டரா வேலை பாக்கிற அம்மா அப்பாவுக்கு ஞாயிறுன்னு ஒண்ணு கையில கிடையாது, அவங்க செவ்வாக்கிழமை ராத்திரி பிள்ளை கூட பாயில உக்காந்தா அது போதும். நான் பேசுறது முடியாதவங்களப் பத்தி இல்ல, முடிஞ்சும் வேற எதுக்கோ குடுத்துட்டவங்களப் பத்தி.

ஜெபமும் பாட்டும் மட்டும்தான் விசுவாசம்னும் பிள்ளைங்க நெனச்சிறக் கூடாது. பாட்டிமாருங்க சோறு பொங்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடிய தனியா ஒரு பானையில போட்டு வச்சு அத கோயிலுக்குக் குடுப்பாங்க, பிள்ளைங்க அத தினமும் பாக்கும், நம்ம சோத்துல ஒரு பிடி நமக்கு இல்லன்னு வாயத் திறக்காமலே சொல்லிக் குடுத்தாங்க. 1903-ல திருநெல்வேலிக்காரங்க தங்களுக்குள்ளயே காசு சேத்து இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பிச்சப்ப இந்த மாதிரி வீடுகள்தான் பின்னால இருந்துச்சு. அதுல முன்னால நின்ன அசரியா ஐயா வெள்ளாளன்விளைல ஒரு கிராமத்து ஐயர் மகன், 1912-ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்திய பிஷப்பாவும் ஆனாரு. இப்ப அரிசி வாரத்துக்கு ஒரு தடவ சூப்பர் மார்க்கெட் பையில வருது, ஆன்லைன்ல காணிக்கை கட்டிர்றோம், பிள்ளை கண்ணுக்கு ஒண்ணும் தெரியறது இல்ல. அதனால எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் தனித்தனி கவர், அவங்க கைக்காசுல இருந்து அவங்களே போடணும், எவ்வளவுன்னு நாங்க கேக்கிறது இல்ல. பிறந்தநாளுக்கு ஹோட்டல்ல கேக் வெட்டுறதுக்குப் பதிலா எங்க ஊர்ல இருக்கிற காது கேளாதோர் பள்ளிக்கோ பார்வையற்றோர் பள்ளிக்கோ ஒரு நேரம் சாப்பாடு, மிஸ் ஸ்வெயின்சனும் மிஸ் ஆஸ்க்வித்தும் ஆரம்பிச்ச பள்ளிங்க, 100 வருஷத்துக்கு மேல ஆச்சு. சின்னவன் முதல் தடவ முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் வந்தான். அங்க ஒரு பையன் சைகையில அவனுக்குப் பேர் சொல்லிக் குடுத்தான், அதுல இருந்து வீட்ல நாங்க கூப்பிட்டா கைய ஆட்டித்தான் பதில் வருது, அது வேற தொந்தரவு.

சரி, அந்த அண்ணன் கேட்ட விஷயத்துக்கு வர்றேன். பன்னிரண்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு மட்டும் சாயங்காலம் ஒரு வகுப்பு வைக்கலாம், நானே எங்க சேகரத்துல, அதாவது ஒரு ஐயர் பொறுப்புல இருக்கிற சபைகள் சேந்த அமைப்புல, பேசுறேன். ஆனா சின்னப்பிள்ளைங்க நேரத்த மாத்த வேண்டாம், அதுக பாட்டுக்கு காலையில வந்து ஆக்‌ஷன் சாங் பாடிக்கிட்டு இருக்கட்டும், மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை அபாகஸ் இல்லன்னா உலகம் இடிஞ்சிராது. டியூஷன் நடத்துறவங்கள்ல பாதிப் பேரு நம்ம சபை ஆளுங்கதான், அவங்க எல்லாரும் பேசி வச்சு ஞாயிறு மத்தியானம் வரைக்கும் சென்டர மூடி வச்சா யாருக்கும் நஷ்டம் இல்ல, ஒருத்தர் மட்டும் மூடினாத்தான் பிள்ளைங்க பக்கத்து சென்டருக்குப் போகும். ஐயர்மாருங்க கிட்டயும் ஒரு வேண்டுகோள், வீட்டுக்கு விசிட்டிங் வரும்போது பிள்ளைங்க என்ன மார்க்னு கேக்கிறத நிறுத்திட்டு வேற ஏதாவது கேளுங்க.

இன்னொரு விஷயம், எங்க சண்டே ஸ்கூல்ல டீச்சருங்க எல்லாரும் பொம்பளைங்கதான், ஆறாங்கிளாஸ் ஏழாங்கிளாஸ் பையங்கள எங்களால மேய்க்க முடியல, ஆம்பளை டீச்சர் வேணும்னு அறிவிப்பு குடுத்துக் குடுத்து அலுத்துப் போச்சு, வேப்பமரத்துக்கு அடியில இருந்து ஒருத்தரும் நகரல. சாயங்கால வகுப்பு ஆரம்பிச்சா அந்தக் கடிதம் எழுதின அண்ணன் வந்து பாடம் எடுப்பாங்களான்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.